பிழை எங்கே போகிறது? டிஜிட்டல்-அனலாக் மாற்றிகளின் வரலாறு குறித்து

(சற்றே நீண்ட பதிவு. மின்னணுவியல் மாணவர்களையும் தொழில்நுட்ப வரலாற்றில் ஆர்வமுள்ளோரையும் ஒருசேர மனத்திற்கொண்டு எழுதியது.)

மின்னணுவியல் பாடநூல்களில் டிஜிட்டல்-அனலாக் மாற்றி பற்றிய இயல் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் அமைந்திருக்கும். முதலில் இரும எடை மின்தடைச் சுற்று, அடுத்து ஆர்-2ஆர் ஏணி, அதன்பின் மின்னோட்ட ஆளிகளைக் கொண்ட வகை, இறுதியில் டெல்டா-சிக்மா. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு சமன்பாடு, நன்மை தீமைகளைச் சொல்லும் ஒரு சிறு அட்டவணை. தேர்வு எழுத இது போதும். ஆனால் ஒரு சுற்று ஏன் குறிப்பிட்ட காலத்தில் தோன்றியது, ஏன் கைவிடப்பட்டது, கைவிடப்பட்ட கருத்து இருபது ஆண்டுகள் கழித்து ஏன் வேறு உருவில் திரும்பி வந்தது என்ற வினாக்களுக்கு அந்த இயலில் இடமில்லை.

தொழில்நுட்ப வரலாறு எழுதுவோரிடம் வேறொரு குறை காணப்படுகிறது. அவர்கள் பிட்டுகளின் எண்ணிக்கையை ஏறுவரிசையில் அடுக்கி, அதனையே முன்னேற்றத்தின் கதையாகச் சொல்லிவிடுகிறார்கள்: 5 பிட், 7 பிட், 14 பிட், 16 பிட், 24 பிட். நேற்றைய கருவி துல்லியமற்றது, இன்றையது துல்லியமானது என்பதே அக்கதையின் சாரம்.

இரண்டு வாசிப்புகளும் ஒரே செய்தியைத் தவறவிடுகின்றன. இத்துறையின் வரலாற்றில் பிழையை முற்றாக ஒழித்த சுற்று என ஒன்று இருந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பிழையை ஓரிடத்திலிருந்து பெயர்த்து, தன் காலத்தில் எது மலிவோ அதன் தலையில் சுமத்தியிருக்கிறது. மின்தடையின் துல்லியம் அரிதாக இருந்தபோது காலத்தின் துல்லியத்தை நாடினார்கள். இரண்டும் அரிதானபோது சில்லின் பரப்பை நாடினார்கள். கணக்கிடும் சுற்றுகள் மலிவானபோது வேகத்தை நாடினார்கள். இப்பதிவு அந்த இடமாற்றங்களின் வரலாறு.

1. எடைகளின் கணக்கு

எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது கொள்கையளவில் எளிது. இரும எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எடை உண்டு: 1, 2, 4, 8 என. அந்தந்த எடைக்கேற்ற மின்னோட்டத்தைத் தரும் மின்தடைகளை வரிசையாக வைத்து, இலக்கம் 1 எனில் ஆளியை மூடியும் 0 எனில் திறந்தும், வருகின்ற மின்னோட்டங்களைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும்.

நடைமுறையில் இதற்கு ஆகும் விலையைப் பார்ப்போம். 16 பிட் எண்ணை மாற்ற வேண்டுமெனில் மிகச் சிறிய மின்தடைக்கும் மிகப் பெரியதற்கும் இடையிலான விகிதம் 1:32,768 ஆகிறது. முதலாவது 1 கிலோ ஓம் எனில் கடைசி மின்தடை 32 மெகா ஓமுக்கும் அதிகம். இதைக் காட்டிலும் கடுமையான நிபந்தனை மற்றொன்று. உச்ச பிட்டின் எடையில் நேரும் பிழை, கடைப் பிட்டின் அரைப்பங்கை மீறக் கூடாதெனில், உச்ச பிட்டின் மின்னோட்டம் பத்து இலட்சத்தில் 15 பங்கு அளவுக்குத் துல்லியமாக இருந்தாக வேண்டும். கடையில் வாங்கும் 1 விழுக்காட்டு மின்தடையின் பிழை பத்து இலட்சத்தில் 10,000 பங்கு. இவ்விரு எண்களுக்கும் இடையே 600 மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. இனிச் சொல்லப்போகும் சுற்றுகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அந்த இடைவெளியைக் கடக்க எடுத்த முயற்சிகளே.

தொடக்க காலத்தில் இந்நெருக்கடி உணரப்படவில்லை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பால் ரெய்னி 1921இல் விண்ணப்பித்து 1926இல் பெற்ற காப்புரிமை, படங்களைத் தந்தி வழியே அனுப்பும் முறை பற்றியது. படத்தின் ஒளிச்செறிவை 5 பிட் குறியீடாக்கி அனுப்பி, மறுமுனையில் மீட்டெடுக்கும் மின்னியந்திர ஏற்பாடு அது. 5 பிட் என்றால் 32 படிகள். எடைகளின் விகிதம் 1:16. அந்த அளவுக்குச் சாதாரண உறுப்புகளே போதும். ரெய்னியின் பணி கவனம் பெறாமலே போயிற்று. பின்னர், ஐ.டி.டி. நிறுவனத்தின் பாரிஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அலெக் ரீவ்ஸ், துடிப்புக் குறியீட்டுப் பண்பேற்றம் என்னும் கருத்தை 1937இல் தனியாகக் கண்டடைந்தார். குரலை எண்களாக்கி அனுப்பினால் வழியில் சேரும் இரைச்சல் அதனைக் கெடுக்காது என்பதே அவரது உள்ளொளி. கருத்து முழுமையானதாக இருந்தபோதிலும், அன்றைய வெற்றிடக் குழல்களைக் கொண்டு அதனைச் சிக்கனமாக நிறைவேற்ற வழியில்லை.

2. மின்தடையிலிருந்து காலத்துக்கு

முதல் பெரிய இடமாற்றம் 1940களில் பெல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. தகவல் கோட்பாட்டின் தந்தையாக நாம் அறியும் கிளாட் ஷானன், மாற்றிக்கெனவும் ஒரு சுற்றைச் சிந்தித்தார். ஒரே ஒரு மின்தேக்கி, அதனுடன் ஒரே ஒரு மின்தடை. இரும எண்ணின் இலக்கங்கள், கடைப் பிட் முதலாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இலக்கம் 1 எனில் மின்தேக்கியில் ஒரு குறிப்பிட்ட அளவு மின்னூட்டம் செலுத்தப்படும். 0 எனில் ஒன்றும் இல்லை. ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் மின்தேக்கியின் அழுத்தம் சரிபாதியாகக் குறையும்படி உறுப்புகளின் மதிப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. எண் முழுவதும் வந்து முடிகையில், கடைசியாக வந்த உச்ச பிட் ஒருமுறை பாதியாகியிருக்கும். அதற்கு முந்தையது இருமுறை. முதலில் வந்தது பலமுறை. இவ்வாறு 1/2, 1/4, 1/8 என்னும் எடைகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

இச்சுற்றில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய மின்தடை வரிசை எதுவும் இல்லை. எடைகளை உண்டாக்கும் பொறுப்பு காலத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஆனால் பிழையும் உடன் சென்றது. துடிப்பு வரும் கணமோ, இறுதி அழுத்தத்தை அளக்கும் கணமோ சிறிது பிசகினால், விரைவாகச் சரிந்துகொண்டிருக்கும் மின்னழுத்தம் தவறான மதிப்பைத் தரும். இக்குறைக்கு மருந்து கண்டவர் ஏ. ஜே. ராக். அவர் ஒரு தணிவுறும் ஒத்ததிர்வுச் சுற்றை இதனுடன் சேர்த்து, அளக்கும் கணங்களில் மின்னழுத்த வளைவு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும்படி செய்தார். வளைவு தட்டையான இடத்தில் நேரம் சற்றுப் பிசகினாலும் மதிப்பு மாறுவதில்லை. ஷானன்-ராக் மாற்றி எனப் பெயர்பெற்ற இச்சுற்று, பெல் ஆய்வுக்கூடம் 1948இல் விவரித்த 7 பிட் தொலைபேசிச் சோதனை அமைப்பில் பயன்பட்டது.

இன்றைய பாடநூல்கள் பலவற்றில் இச்சுற்றைக் காண முடிவதில்லை. பட்டியலில் இடம்பெறாததால் அதனைத் தோற்றுப்போன முயற்சி எனக் கருதலாகாது. மாற்றிகளின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் கையாளப்பட்ட உத்தியை, அதாவது உறுப்புகளின் பொருத்தத்துக்குப் பதிலாகக் காலத்தைச் செலவிடும் உத்தியை, அது 1940களிலேயே தெளிவாகக் காட்டிவிட்டது.

3. ஏணி தீர்த்ததும் தீர்க்காததும்

1953இல் பி. டி. ஸ்மித் வெளியிட்ட கட்டுரை ஆர்-2ஆர் ஏணியை விளக்கும் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. இதில் இரண்டே மதிப்புகள்: ஆர், அதன் இருமடங்கு. ஏணியின் ஒவ்வொரு கணுவிலும் மின்னோட்டம் இரு சமபாகங்களாகப் பிரிகிறது. எனவே எடைகள் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே செல்கின்றன. 1:32,768 என்ற விகிதம் 1:2 ஆகச் சுருங்கிவிட்டது. எல்லா மின்தடைகளையும் ஒரே பொருளில், அருகருகே, ஒரே வேளையில் செய்ய முடிகிறது. வெப்பம் ஏறினால் எல்லாம் சேர்ந்து ஏறும்; விகிதம் மாறாது.

ஏணி தீர்த்தது மதிப்புகளின் பரப்பை மட்டுமே. உச்ச பிட்டுக்குத் தேவையான பத்து இலட்சத்தில் 15 பங்கு என்ற நிபந்தனை அப்படியே இருந்தது. அதனுடன் புதிய சிக்கலொன்றும் சேர்ந்தது. ஒவ்வோர் ஆளிக்கும் தனக்கென ஒரு சிறு மின்தடை உண்டு. அது 2ஆர் என்னும் மதிப்புடன் தொடராகச் சேர்ந்து விகிதத்தைக் குலைக்கும். பின்னாளில் சீமாஸ் சில்லுகளில் ஏணியை அமைத்தவர்கள், அதிக மின்னோட்டம் செல்லும் ஆளிகளைப் பெரிதாகச் செய்து இதனை ஈடுகட்டினார்கள்.

அக்காலத்தில் துல்லியத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை உணர்த்த ஒரு கருவியின் விவரம் போதும். 1954இல் பெர்னார்ட் கார்டனின் எப்ஸ்கோ நிறுவனம் டாட்ராக் என்னும் அனலாக்-டிஜிட்டல் மாற்றியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளிருக்கும் டிஜிட்டல்-அனலாக் மாற்றியைக் கொண்டு படிப்படியாக ஊகித்து ஒப்பிடும் முறையில் இயங்கியது அது. 11 பிட், வினாடிக்கு 50,000 மாதிரிகள், முழுவதும் வெற்றிடக் குழல்கள். எடை 150 பவுண்டு, செலவாகும் மின்திறன் 500 வாட், விலை 8,000 டாலர் அளவில்.

டிரான்சிஸ்டர்கள் ஒரே சில்லில் அமையத் தொடங்கியதும் இடமாற்றம் மீண்டும் நிகழ்ந்தது. 1970ஐ ஒட்டி அனலாக் டிவைசஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏ.டி.550 என்னும் நான்கு பிட் ஆளித் தொகுதி இதற்கு நல்ல சான்று. ஜேம்ஸ் பாஸ்டோரிசாவின் கருத்தை ஒட்டிய அத்தொகுதியில் நான்கு டிரான்சிஸ்டர்களின் உமிழிப் பரப்புகள் 8:4:2:1 என்ற விகிதத்தில் அமைக்கப்பட்டன. மின்னோட்டம் எவ்விகிதத்தில் மாறுகிறதோ அவ்விகிதத்திலேயே பரப்பும் மாறுவதால், மின்னோட்ட அடர்த்தி எங்கும் ஒன்றே. எனவே டிரான்சிஸ்டர்களின் அடிவாய்-உமிழி மின்னழுத்தங்களும் ஒன்றாக இருந்தன. இதனை 12 பிட் வரை நீட்டினால் 2,048 மடங்கு பரப்புள்ள டிரான்சிஸ்டர் தேவைப்படும். அதற்கு இடமேது? ஆகவே நான்கு நான்காகப் பிரித்து, தொகுதிகளுக்கிடையே 16:1 என மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடைகளை வைத்தார்கள். பரப்பு தாங்கக்கூடிய அளவைப் பரப்பிடமும், எஞ்சியதை மின்தடையிடமும் ஒப்படைத்த சமரசம் அது.

4. படி தவறும் இடம்

துல்லியத்தைவிட முதன்மையான ஒரு தேவையும் உண்டு. உள்ளீடு ஒன்று கூடினால் வெளியீடும் கூட வேண்டும். ஒருபோதும் குறையக் கூடாது. இப்பண்பை ஒருபோக்கு எனலாம். இரும எடை மாற்றியில் இது மிக எளிதில் குலையும் இடம் நடுப்புள்ளி. 01111111 என்பதிலிருந்து 10000000 என்பதற்குச் செல்கையில், ஏழு சிறு மின்னோட்டங்கள் ஒருசேர அணைந்து ஒரு பெரிய மின்னோட்டம் எழ வேண்டும். பெரியது சற்றே குறைவாக இருந்தால், ஏற வேண்டிய இடத்தில் வெளியீடு இறங்கிவிடும். கட்டுப்பாட்டு அமைப்பொன்றில் அத்தகைய மாற்றியைப் பொருத்தினால், அமைப்பு அந்தப் புள்ளியில் முன்னும் பின்னும் அலைபாயத் தொடங்கும். ஆளிகள் ஒரே கணத்தில் மாறாவிட்டாலும் தொல்லை: பெரியது முதலில் எழுந்தால் ஒரு நொடிப்பொழுது எல்லாப் பிட்டுகளும் 1 ஆகி, வெளியீட்டில் ஒரு கூர்முனை தோன்றி மறையும்.

இதற்கு மாற்று, எல்லா எடைகளையும் சமமாக்கிவிடுவது. 10 பிட் மாற்றிக்கு 1,023 சம மின்னோட்ட மூலங்கள். எண் ஒன்று கூடும்போது ஒரு மூலம் கூடுதலாக எழும். வெப்பமானியில் பாதரசம் ஏறுவதைப் போன்ற இந்த ஏற்பாட்டில் வெளியீடு இறங்க வழியே இல்லை. ஆனால் 1,023 ஆளிகளையும் அவற்றை இயக்கும் தருக்கச் சுற்றையும் சில்லில் வைத்தாக வேண்டும். எனவே உயர் பிட்டுகளுக்கு மட்டும் சம எடை, தாழ் பிட்டுகளுக்கு இரும எடை என்னும் பிரிவுமுறை உருவாயிற்று. 1979இல் ஜேம்ஸ் ஷோஃப் வெளியிட்ட 12 பிட் மாற்றி இவ்வழியில் ஒரு மைல்கல். உறுப்புகளைச் சீராக்காமலேயே, அமைப்பின் இயல்பிலிருந்தே ஒருபோக்கைப் பெறலாம் என்று அது காட்டியது.

எங்கே பிரிப்பது என்ற கேள்விக்கு எண்ணளவில் விடை கிடைக்க மேலும் இருபதாண்டுகளாயின. 1989இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் மார்செல் பெல்க்ரோமும் அவர் தோழர்களும், அருகருகே அமைந்த இரு மாஸ் டிரான்சிஸ்டர்களுக்கிடையிலான வேறுபாடு அவற்றின் பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதை அளந்து நிறுவினார்கள். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பரப்பு வேண்டும். இதிலிருந்து ஒரு கடுமையான கணக்கு பிறக்கிறது: பொருத்தத்தை மட்டுமே நம்பியிருக்கும் மாற்றியில், கூடுதலாகும் ஒவ்வொரு பிட்டுக்கும் மின்னோட்ட மூலங்களின் மொத்தப் பரப்பு நான்கு மடங்காக வேண்டும். 10 பிட்டிலிருந்து 14 பிட்டுக்குச் செல்ல 256 மடங்கு! 1998இல் சி-ஹங் லின், கிளாஸ் புல்ட் இருவரும் வெளியிட்ட 10 பிட் மாற்றி பற்றிய கட்டுரை, பிரிவின் எல்லையைப் பரப்பின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் முறையைத் தெளிவாக்கியது. ஒட்டுமொத்த நேர்மைப் பிழை எங்கே பிரித்தாலும் ஒன்றே; அடுத்தடுத்த படிகளுக்கிடையிலான பிழைதான் மாறுகிறது. 10 பிட்டில் முழுவதும் இரும எடை எனில் நடுப்புள்ளியில் அப்பிழை ஓர் அலகின் பிழையைப் போல் ஏறத்தாழ 32 மடங்கு. முழுவதும் சம எடை எனில் ஒரு மடங்கு. வடிவமைப்பாளர் தருக்கச் சுற்றின் பரப்பைக் கொடுத்து இந்தப் பிழையைக் குறைக்கிறார். எவ்வளவு கொடுப்பது என்பதே வடிவமைப்பு.

5. பதினான்கா, பதினாறா?

இவ்வரலாற்றில் நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதும் நிகழ்வு குறுந்தகட்டின் பிறப்பு. இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1976இல் பிலிப்ஸ் ஆய்வாளர் ரூடி வான் டெ பிளாஸ் ஓர் உத்தியை வெளியிட்டார். ஒரு மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்தால் இரு பாதிகளும் சமமாக இரா. ஒன்று சற்றுக் கூடும், மற்றது அதே அளவு குறையும். அவ்விரண்டையும் சம இடைவெளிகளில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு வெளியீட்டிலும் சராசரி மின்னோட்டம் சரிபாதியாகிவிடும். எஞ்சும் சிற்றலையை மின்தேக்கிகள் வடிகட்டிவிடும். லேசரைக் கொண்டு மின்தடைகளைச் செதுக்கிச் சரிசெய்யும் செலவுமிக்க வேலை தேவையில்லை. உறுப்புகளின் பொருத்தமின்மை இருந்தபடியே இருக்கிறது. சராசரியில் அது மறைகிறது. ஷானன் 1940களில் செய்ததைப் போலவே, இங்கும் இடப் பிழை காலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இதன் வழியே உருவானதுதான் டி.டி.ஏ.1540 என்னும் 14 பிட் சில்லு.

1979 மார்ச்சில் பிலிப்ஸ் தன் ஒலித்தட்டின் முன்வடிவத்தைப் பொதுவில் இயக்கிக் காட்டியது. அடுத்து சோனியுடன் சேர்ந்து பொதுத் தரம் வகுக்கும் பேச்சு தொடங்கியது. 14 பிட் போதும் என்பது பிலிப்ஸின் நிலைப்பாடு. அதற்கான மாற்றி அவர்கள் கையில் இருந்தது. சோனி 16 பிட் கேட்டது; ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென 1978இல் அது வெளியிட்ட பி.சி.எம்.-1600 கருவியே 16 பிட்தான். மாதிரியெடுப்பு வீதமான 44.1 கிலோஹெர்ட்ஸ் கூட, வீடியோ நாடாவில் ஒலியைப் பதிந்த அத்தகைய கருவிகளிலிருந்து வந்தது: ஒரு புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள், வினாடிக்கு 60 புலங்கள், பெருக்கினால் 44,100. 1980இல் வகுக்கப்பட்ட தரத்தில் 16 பிட் என்பதே முடிவாயிற்று.

பிலிப்ஸ் பொறியாளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தட்டில் 16 பிட். கையில் 14 பிட் மாற்றி. விற்பனை தொடங்க இரண்டே ஆண்டுகள். அவர்கள் 16 பிட் மாற்றியை அவசரமாகச் செய்ய முனையவில்லை. ஒவ்வோர் இரு மாதிரிகளுக்கிடையிலும் டிஜிட்டல் வடிகட்டி ஒன்றின் மூலம் மூன்று புதிய மாதிரிகளைக் கணக்கிட்டு, மாற்றியை 176.4 கிலோஹெர்ட்ஸில், அதாவது நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டார்கள். படிநிலைகளால் எழும் இரைச்சல் நான்கு மடங்கு அகலமான பட்டையில் பரவுவதால், செவிக்கு எட்டும் பகுதியில் 6 டெசிபெல் குறைகிறது. அத்துடன், 14 பிட்டாகச் சுருக்கும்போது வெட்டியெறியப்படும் எச்சத்தை அடுத்த மாதிரியுடன் சேர்க்கும் பின்னூட்டத்தால் இரைச்சலின் பெரும்பகுதியை உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளினார்கள். அது மேலும் 7 டெசிபெல். மொத்தம் 13 டெசிபெல், ஏறத்தாழ இரண்டு பிட்டுக்குச் சமம். கேட்கும் எல்லைக்குள் 14 பிட் சில்லு 16 பிட்டின் பணியைச் செய்தது.

இன்னொரு இலாபமும் இருந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மாற்றியின் வெளியீட்டில், 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இசைக்கு மிக அருகிலேயே, 24.1 கிலோஹெர்ட்ஸில் அதன் நிழற்படிமம் தொடங்கிவிடும். அக்குறுகிய இடைவெளியில் செங்குத்தாக இறங்கும் அனலாக் வடிகட்டியைச் செய்வது கடினம். செய்தாலும் உயர் அதிர்வெண்களின் கட்டத்தை அது குலைக்கும். நான்கு மடங்கு வேகத்தில் அப்படிமம் 156.4 கிலோஹெர்ட்ஸுக்கு விலகிவிடுவதால், மூன்றாம்படியிலான மென்மையான வடிகட்டி போதுமானதாயிற்று.

சோனி அதே சிக்கலை எதிர்த்திசையில் அணுகியது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சி.டி.பி.-101 கருவியில் இருந்தது, மின்னோட்டத்தைக் காலத்தால் தொகுக்கும் வகை மாற்றி. எண்ணுக்கு ஏற்ற நேரம்வரை ஒரு மின்தேக்கிக்கு நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தினால், இறுதி அழுத்தம் அவ்வெண்ணைக் குறிக்கும். 65,536 வரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டுமெனில், இரு தடங்களுக்கும் சேர்த்து வினாடிக்கு 578 கோடித் துடிப்புகள் தேவை. அன்றைய சில்லுகளுக்கு அது கனவு. எண்ணை 8 பிட் வீதம் இரண்டாகப் பிரித்து, 256:1 விகிதத்தில் இரு மின்னோட்டங்களை ஒரே வேளையில் செலுத்தினால், இரண்டே கால் கோடித் துடிப்புகள் போதும். பொருத்த வேண்டிய விகிதமும் ஒன்றே ஒன்றுதான். இக்கருவியில் இடம் வலம் ஆகிய இரு தடங்களுக்கும் ஒரே மாற்றிதான். மாறி மாறிப் பயன்பட்டதால் ஒரு தடம் மற்றதைவிட ஏறத்தாழ 11 மைக்ரோவினாடி பிந்தியது.

ஆகவே ஒரே தரத்துக்கு, ஏறத்தாழ ஒரே வேளையில், இரண்டு விடைகள். ஒன்று பிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தையும் டிஜிட்டல் கணக்கையும் கூட்டியது. மற்றது 16 பிட்டையும் காத்து, வடிகட்டியின் கடினத்தையும் தடங்களின் கால இடைவெளியையும் ஏற்றுக்கொண்டது. பிட் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் வரலாறு முதலாவதைக் குறையுடையதாகவே பதிவுசெய்யும். ஆனால் பின்னர் ஒலித்துறை முழுவதும் சென்றது அந்த வழியில்தான்.

6. ஒரு பிட்டின் எழுச்சியும் அதன் எல்லையும்

நான்கு மடங்கு வேகத்தால் இரண்டு பிட் குறைக்க முடியுமானால், 256 மடங்கு வேகத்தால்? இக்கேள்விக்கான கோட்பாடு முன்பே இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் கட்லர் 1954இல் விண்ணப்பித்த காப்புரிமையில் பிழையைப் பின்னூட்டும் கருத்து உண்டு. 1962இல் டோக்கியோவில் இனோசே, யசுடா, முரகாமி ஆகியோர் டெல்டா-சிக்மா என்ற பெயருடன் அதற்கு முழு வடிவம் தந்தனர். 1980களின் பிற்பகுதியில் சில்லுகளின் வேகம் அக்கோட்பாட்டை எட்டிப்பிடித்தது. பிலிப்ஸின் பிட்ஸ்ட்ரீம், என்.டி.டி. ஆய்வாளர்களின் மாஷ் ஆகிய முறைகள் குறுந்தகட்டுக் கருவிகளில் இடம்பெற்றன.

ஒரு பிட் மாற்றியின் கவர்ச்சி எளிமையானது. அதன் வெளியீட்டுக்கு இரண்டே நிலைகள். இரு புள்ளிகளை இணைத்தால் எப்போதும் நேர்கோடுதான். பொருத்த வேண்டிய உறுப்புகளே இல்லாததால், பொருத்தமின்மை என்ற பிழைக்கு இடமில்லை. நாற்பது ஆண்டுச் சிக்கல் ஒரே அடியில் தீர்ந்ததாகத் தோன்றிற்று.

பிழை மீண்டும் காலத்திடம் சென்றிருந்தது. 16 பிட் மாற்றியில் 20 கிலோஹெர்ட்ஸ் முழுவீச்சுச் சைன் அலைக்கு, கடைப் பிட்டின் அரைப்பங்குக்குள் பிழை அடங்க வேண்டுமெனில், கடிகாரத் துடிப்பு 121 பிக்கோவினாடிக்கு மேல் தடுமாறக் கூடாது. வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை முழுவீச்சில் தாவும் ஒரு பிட் வெளியீட்டில், ஒவ்வொரு தாவலின் தடுமாற்றமும் பிழையாகச் சேர்வதால், நிபந்தனை மேலும் கடுமையாகிறது. செவிக்கு எட்டாத பகுதியில் குவிக்கப்பட்ட இரைச்சலையும் யாராவது வடிகட்டியாக வேண்டும்.

1999இல் சோனியும் பிலிப்ஸும் சூப்பர் ஆடியோ குறுந்தகட்டை அறிமுகப்படுத்தியபோது, வினாடிக்கு 28,22,400 மாதிரிகள் கொண்ட ஒரு பிட் வடிவத்தையே சேமிப்புத் தரமாக்கின. ஒரு காலத்துச் சுற்றுவடிவம் தரமாக உறைந்தது. 2001இல் லிப்ஷிட்ஸும் வாண்டர்கூயும் ஆடியோ பொறியியல் கழகத்தின் மாநாட்டில் இதனைக் கடுமையாக மறுத்தனர். ஒரு பிட் சுற்றில், படிநிலைப் பிழையைச் சீராக்கப் போதிய அளவு சேர்க்க வேண்டிய தற்செயல் இரைச்சலுக்கு இடமே இல்லை. சேர்த்தால் சுற்று தன் எல்லையை மீறிவிடும் என்பது அவர்கள் வாதத்தின் மையம்.

சில்லு வடிவமைப்பாளர்கள் அதற்கு முன்பே திரும்பிவிட்டிருந்தனர். சில பிட்டுகளைக் கொண்ட டெல்டா-சிக்மா, அதனுள் சில சம எடை உறுப்புகள் என்பது புதிய வழி. உறுப்புகள் பலவானதும் பொருத்தமின்மை திரும்பி வந்தது. அதனைச் சமாளிக்க 1989இல் கார்லி உறுப்புகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை முன்வைத்தார். 1995இல் பேர்டும் ஃபீஸும் உறுப்புகளைச் சுழற்சி முறையில் பயன்படுத்தி, பொருத்தமின்மையால் எழும் பிழையையும் உயர் அதிர்வெண்களுக்குத் தள்ளினர். இவற்றின் வேர் வான் டெ பிளாஸ் 1976இல் செய்த இடமாற்றம் என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

7. இவ்வாசிப்பால் ஆவதென்ன?

முதலாவதாக, பிட் எண்ணிக்கையை நாம் படிக்கும் முறை மாற வேண்டும். இன்று சில ஒலிச் சில்லுகள் 32 பிட் என்ற அடைமொழியுடன் விற்கப்படுகின்றன. அறை வெப்பநிலையில் 1 கிலோ ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சல் மட்டும், 20 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குள் ஏறத்தாழ 0.57 மைக்ரோவோல்ட். 2 வோல்ட் வெளியீட்டுடன் ஒப்பிட்டால் இடைவெளி 131 டெசிபெல். அதாவது 22 பிட்டைக்கூட எட்டாது. 32 என்பது சில்லு பெற்றுக்கொள்ளும் எண்ணின் நீளம். அது தரும் துல்லியத்தின் அளவாக அதனைக் கொள்வது தவறு.

இரண்டாவதாக, பாடம் நடத்தும் முறை. நன்மை தீமை அட்டவணையில் 'வேகம் அதிகம்', 'பரப்பு அதிகம்' என்று எழுதும்போது, அவை காலத்துக்கு அப்பாற்பட்ட பண்புகள் போலத் தோன்றுகின்றன. 1976இல் அரிதாயிருந்தது 1998இல் மலிவு. 1998இல் மலிவாயிருந்தது, மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் கீழே சென்றுவிட்ட இன்றைய சில்லில் மீண்டும் அரிது. அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர் புதிய தொழில்நுட்பக் கணு ஒன்றைச் சந்திக்கும்போது திகைப்பது இதனால்தான்.

மூன்றாவது, நமக்கு நெருக்கமான செய்தி. டெல்டா-சிக்மா மாற்றிகளைக் கற்போர் உலகெங்கும் நாடும் நூலின் 2017ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், ஷ்ரையர், டெமஸ் ஆகியோருடன் சென்னை ஐ.ஐ.டி.யின் சாந்தி பவனும் ஆசிரியர். இத்துறையின் பாடநூல் நம் வகுப்பறைகளிலிருந்தும் எழுதப்படும் காலத்தில், அதன் வரலாற்றையும் நாம் எழுதியாக வேண்டும்.

ஆய்வு மாணவர்கள் அடுத்தமுறை இந்த இயலைத் திறக்கும்போது, ஒவ்வொரு சுற்றிடமும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இது தோன்றிய ஆண்டில் எது அரிது? எது மலிவு? முன்பிருந்த பிழையை இது யாரிடம் ஒப்படைத்தது? நான் இங்கே தொடாத வகைகளும் உள்ளன; மின்னூட்டத்தைப் பங்கிடும் மின்தேக்கி மாற்றிகள், தொலைபேசியின் சீரற்ற படிநிலைகள், வானொலி அதிர்வெண்ணில் நேரடியாக இயங்கும் மாற்றிகள் ஆகியவை அவற்றுட் சில. இவற்றுக்கும் அம்மூன்று வினாக்கள் பொருந்துகின்றனவா என்பதைப் பின்னூட்டத்தில் உரையாடலாம். பொருந்தாத சுற்று ஒன்று உண்டெனில், அதனை அறிவதே எனக்குப் பெரும்பயன்.